விஸ்கஸ் விசிறியைக் கழற்றி மின்விசிறி பொருத்துவது எப்படி?

பழைய ஹைலக்ஸ், பஜேரோ, வால்வோ 240 போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு கோலாலம்பூரின் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நின்றால், கண் முன்னால் போகும் காரைவிட டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள்ளின் மேல்தான் இருக்கும். வண்டி ஓடும்போது முள் ஒழுங்காக நிற்கும். நெரிசலில் நின்றவுடன் மெல்ல ஏறத் தொடங்கும்.

காரணம் எளிது. விஸ்கஸ் விசிறி பெரும்பாலும் வாட்டர் பம்பின் முனையில் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் கிளட்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் உண்டு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால், முன்பக்கத்தில் இருக்கும் ஈருலோகச் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் உள்ளே பாய்ந்து விசிறியை இறுக்கிப் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் விசிறி அந்த வேகத்தை ஒட்டித்தான் சுற்ற முடியும். காற்று மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது மிக மெதுவாகச் சுற்றுகிறது. மின்விசிறிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எஞ்சின் ஐடிலில் இருந்தாலும் அது முழு வேகத்தில் ஓடும்.

மின்விசிறி பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் விசிறியைத் தேர்ந்தெடுப்பதில் நேரத்தைச் செலவிட்டு, ஒயரிங்கைக் கடைசி அரை மணி நேரத்தில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். அது தலைகீழ். விசிறியைப் பொருத்துவது சுலபம், ஒயரிங்தான் உண்மையான வேலை. மெல்லிய ஒயரும் தளர்ந்த இணைப்பும் இருந்தால், எவ்வளவு நல்ல விசிறி வாங்கினாலும் பலன் இல்லை. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆரம்பிக்கும் முன்

வண்டி சூடாவதற்கு விசிறிதான் காரணமா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் அணைந்து, ஆறியிருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் இழுவை தெரிய வேண்டும். தள்ளிவிட்டதும் தடையில்லாமல் பல சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. கிளட்சைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருந்தாலும், விசிறியைப் பிடித்து ஆட்டும்போது அசைந்தாலும் அதே முடிவுதான். விசிறி நன்றாக இருந்தால், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), அடைத்துப்போன ரேடியேட்டர் ஆகிய மூன்றையும் பாருங்கள். அடைத்த ரேடியேட்டருக்கு முன் எந்த விசிறியும் தோற்றுப்போகும்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். டீசல் வண்டியில் கனமான சுமை ஏற்றி அடிக்கடி கேமரன் மலை ஏறுபவர், டிரெய்லர் இழுப்பவர், இவர்களுக்கு நான் புதிய விஸ்கஸ் கிளட்சைத்தான் பரிந்துரைப்பேன். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அது இழுக்கும் காற்றின் அளவு மிகப் பெரியது. சாதாரண மின்விசிறி அதை எட்டாது. நகர நெரிசலில் அதிகம் ஓடும் வண்டிக்குத்தான் இந்த மாற்றம் பொருந்தும்.

வாங்க வேண்டியவை

ரேடியேட்டரின் உட்கூட்டை நீளம், அகலம் அளந்துகொண்டு, பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடைக்குப் போங்கள். கவசத்தோடு சேர்ந்த இரட்டை விசிறி கிடைத்தால் அதுதான் சிறந்தது. கவசம் இல்லாத விசிறி தன் வட்டத்துக்குள் இருக்கும் பகுதியிலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகள் வீணாகும். கடையிலேயே ஒரு பேட்டரியில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தமோ ஆட்டமோ இருந்தால் வேண்டாம். தள்ளும் வகையைவிட, ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் வகையையே எடுங்கள். முன்னால் நிற்கும் விசிறி, வண்டி ஓடும்போது வரும் காற்றையே மறைக்கும்.

இதோடு 40 ஆம்பியர் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டு, சிறிய ரிலே ஒன்று, ரிலே சாக்கெட்டுகள், 20 ஆம்பியர் பியூஸ் இரண்டும் அவற்றுக்கான பெட்டிகளும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கிரிம்ப் முனைகள் (ஒயரின் மேல் நசுக்கிப் பொருத்துபவை), வெப்பத்தில் சுருங்கும் குழாய், வெப்ப சுவிட்ச், அதைப் பொருத்த, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் மேல் ஹோஸின் அளவுக்கு ஒரு உலோக இணைப்புக் குழாய். இந்த மின்சாமான்களுக்குப் புடுவில் ஜாலான் பாசார் கடைகளைச் சுற்றி வந்தால் போதும்.

அல்டர்னேட்டர் தாங்குமா என்றும் ஒரு கணக்குப் போடுங்கள். 12 அங்குல விசிறி ஒன்று சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் என்றால் இரண்டுக்கும் 20. முன்விளக்குகள் 9, ஏர்கோன் புளோவர் முழு வேகத்தில் ஏறக்குறைய 15, கம்ப்ரஸர் கிளட்ச் 4, வைப்பர் 5. கூட்டினால் 53. நம் ஊரில் சாயங்கால மழையில் இவை எல்லாமே ஒரே நேரத்தில் ஓடும். 60 ஆம்பியர் அல்டர்னேட்டர் ஐடிலில் அந்த 60-ஐயும் தராது. உங்கள் வண்டியில் அவ்வளவு சிறியதுதான் இருக்கிறது என்றால், முதலில் பெரிய அல்டர்னேட்டருக்கு வழி பாருங்கள்.

பழையதைக் கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

டொயோட்டா, மிட்சுபிஷி வண்டிகளில் பெரும்பாலும் நான்கு நட்டுகள் கிளட்சைப் பிடித்திருக்கும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அவற்றை லேசாகத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி கையோடு சுற்றும். பழைய ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ வண்டிகளில் நடுவில் 32 மில்லிமீட்டர் அளவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதன் மரை இடது பக்கத்து மரை. முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

நான்கு நட்டு வண்டிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் அதே நட்டுகள்தான் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடித்திருக்கின்றன. கிளட்சைக் கழற்றியதும் அதன் தகட்டின் கனம் குறைவதால், நட்டு மரையின் முடிவில் முட்டி நின்றுவிடும், புல்லி இறுகியிருக்காது. அந்தக் கனத்துக்கு ஈடாக வாஷர் போட்டு இறுக்கி, புல்லியை ஆட்டிப் பாருங்கள்.

விசிறியைப் பொருத்துதல்

விசிறி மோட்டாரின் பின்பகுதிக்கும் புல்லிக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும், திடீர் பிரேக்கில் முன்னால் சாயும். அலுமினியப் பட்டையை வளைத்து, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டுக் கவசத்தைப் பிடியுங்கள். ரேடியேட்டர் துடுப்புகளின் ஊடே குத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் ஊசிகள் சில விசிறிகளோடு வரும். அவை நாளடைவில் ஆடி ஆடி நீர்க்குழாயையே தேய்த்து ஓட்டை போடும். பயன்படுத்தாதீர்கள். கவசத்தின் ஓரத்தில் நுரை ரப்பர் ஒட்டினால் காற்று பக்கவாட்டில் நழுவாது.

வெப்ப சுவிட்ச்

மேல் ஹோஸை வெட்டி உலோகக் குழாயைச் செருகி, அதில் சுவிட்சை மாட்டுங்கள். இரண்டு முனை உள்ள சுவிட்ச் வாங்கினால் தனியாக எர்த் தேட வேண்டாம். விசிறி அணையும் வெப்பம், தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால், 92-ல் ஓடி 87-ல் நிற்கும் சுவிட்ச் சரி. 80-ல் நிற்கும் சுவிட்சைப் போட்டால் விசிறி ஒருமுறை ஓடத் தொடங்கியபின் நிற்கவே நிற்காது. தெர்மோஸ்டாட் தண்ணீரை அதற்குக் கீழே இறங்க விடாது.

ஒயரிங்

இங்கே அவசரம் வேண்டாம். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு தனி ரிலே, ஒரு தனி பியூஸ். ஒன்று செத்தாலும் மற்றது வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். அதிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு (இந்த எண்கள் ரிலேயிலேயே போட்டிருக்கும்). 87-ஆம் முனையிலிருந்து அதே கன ஒயர் விசிறியின் பாசிட்டிவுக்கு. விசிறியின் நெகட்டிவ், பெயின்ட்டைச் சுரண்டிய பாடி இரும்புக்கு, முடிந்தால் நேரே பேட்டரி நெகட்டிவுக்கு. இரண்டு ரிலேக்களின் 86-ஆம் முனைக்கும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு ஒயர். 85-ஆம் முனைகள் இரண்டையும் சேர்த்து வெப்ப சுவிட்சின் ஒரு முனைக்கு. சுவிட்சின் மறுமுனை எர்த்துக்கு. சூடானதும் சுவிட்ச் மூடும், ரிலே இழுக்கும், விசிறி ஓடும்.

அப்புறம் ஏர்கோன். கோலாலம்பூரில் இதை விட்டுவிடவே கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் காற்று வேண்டும், முன்பு அதைப் பழைய விசிறிதான் தந்தது. சிறிய ரிலேயின் 86-க்குக் கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுங்கள், 85 எர்த்துக்கு. அதன் 30-உம் எர்த்துக்கு. 87-ஐ வெப்ப சுவிட்சுக்கு வரும் அந்த 85 ஒயரோடு சேர்த்துவிடுங்கள். இப்போது எஞ்சின் சூடானாலும் கம்ப்ரஸர் ஓடினாலும், இரண்டில் எது நடந்தாலும் விசிறிகள் ஓடும். ஒன்றின் மின்சாரம் இன்னொன்றுக்குள் திரும்பிப் பாயாது.

86-க்கு வரும் ஒயரில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைப்பது என் விருப்பம். திடீர் வெள்ளத்தில் தண்ணீரைக் கடக்க நேர்ந்தால் விசிறியை நிறுத்திவிடலாம். தண்ணீருக்குள் சுற்றும் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கக்கூடும். கடந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. கிரிம்ப் செய்து, சுருங்கு குழாய் போட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

சோதனை

கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஏர்கோனைப் போட்டு, முன்பக்க கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் போகிறது. பறந்துவிட்டால் விசிறியின் இரண்டு ஒயர்களும் மாறியிருக்கின்றன. பிறகு ஏர்கோனை அணைத்து, சுவிட்ச் தானாக விசிறியை ஓட்டி, தானாக நிறுத்தும் வரை காத்திருங்கள். இந்த நேரத்தில் கையை உள்ளே விடாதீர்கள், விசிறி சொல்லாமல் கிளம்பும்.

விசிறிகள் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரியின் வோல்ட்டையும் விசிறி முனையின் வோல்ட்டையும் அளங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஒயர் மெல்லியது, அல்லது எர்த் மோசம்.

எல்லாம் சரி என்றால் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏற்றிப் பாருங்கள். இறங்கி வந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜாலான் துன் ரசாக் நெரிசலில் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவதுதான் உண்மையான சோதனை. ஒரு வாரம் கழித்து, விசிறி கொஞ்ச நேரம் ஓடிய பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பியூஸ் பெட்டியையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த முனை தளர்ந்திருக்கிறது. அன்றைக்கே கழற்றி, புதிய முனை போட்டு கிரிம்ப் செய்யுங்கள்.