ஐந்து நாளில் எத்தனை பூங்கா? ஸயான், பிரைஸ் பக்கம் நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூட்டா, அரிசோனா பக்கம் தேசியப் பூங்காக்களைப் பார்த்து வரலாம் என்று உட்காரும்போது எல்லோரும் முதலில் திறப்பது மேப்பைத்தான். லாஸ் வேகஸில் இறங்கினால் ஸயான் சுமார் 160 மைல். அங்கிருந்து பிரைஸ் கேன்யன் 85 மைல். தெற்கே கிராண்ட் கேன்யன், கிழக்கே மோவாப். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஐந்து நாளில் ஐந்து பூங்கா என்று கணக்கும் முடிந்துவிடும். என் முதல் பயணத்துக்கு நானும் அப்படித்தான் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், எடுத்த படங்களில் பாதி காரின் கண்ணாடி வழியாக எடுத்தவை. நடக்கப் போன பயணத்தில் நடந்தது மிகக் குறைவு.

அதற்குப் பிறகு பலமுறை போய் வந்துவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை காலைப்பொழுது கையில் இருக்கிறது?" என்பதுதான். அந்த ஊர்களில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் நடப்பவருக்கு உரிய நேரம். பார்க்கிங் கிடைக்கும், வெயில் ஏறியிருக்காது, கோடையில் மதியத்துக்கு மேல் திரளும் இடிமேகமும் வந்திருக்காது. நான்கு இரவு தங்கினால் உங்களிடம் இருப்பது நான்கு காலை. தினம் ஒரு ஹோட்டல் என்று மாற்றினால், பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, மூன்று மணி நேரம் ஓட்டி, அடுத்த பூங்காவுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. நான்கு காலையும் நெடுஞ்சாலையில் போய்விட்டது என்று அர்த்தம்.

என் யோசனை இது. ஐந்து நாள் என்றால் ஸயானில் இரண்டு இரவு, பிரைஸில் இரண்டு இரவு, அவ்வளவுதான். பகலில் வேகஸில் இறங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலுக்குப் போய்விடலாம். யூட்டா நேரம் வேகஸைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை நடந்துவிட்டு, மதியம் சாவகாசமாக இரண்டு மணி நேரம் ஓட்டினால் பிரைஸ். ஏழு நாள் இருந்தால் கிராண்ட் கேன்யனின் தென்கரையைச் சேர்க்கலாம். பிரைஸிலிருந்து நான்கைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் மோவாபை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என்ற இரண்டு பூங்காக்களையும் ஒரு மதியத்தில் திணிப்பது அந்த இடங்களுக்கே செய்யும் அநியாயம்.

மேப் எப்படி ஏமாற்றும் என்பதற்கு கிராண்ட் கேன்யனே நல்ல உதாரணம். வடகரையும் தென்கரையும் நேர்கோட்டில் 10 மைல்தான். காரில் சுற்றிப் போனால் 215 மைல். வடகரையில் 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் பழைய தங்கும் விடுதியே எரிந்துபோனது. இரண்டு வருடத்துக்கு முந்தைய பயணத் திட்டத்தை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஸயானில் நடக்கும் தவறு

ஹோட்டல் விலை குறைவு என்று ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் அறை எடுப்பவர்கள் நிறைய. அங்கிருந்து எழுந்து, சாப்பிட்டு, எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தால் பார்க்கிங் நிரம்பியிருக்கும். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை பள்ளத்தாக்கின் உள்சாலையில் சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் ஷட்டில் பஸ்தான். ஸ்பிரிங்டேலிலேயே தங்கினால் காரை எடுக்கவே வேண்டாம். ஊருக்குள் ஓடும் இலவச பஸ்ஸில் ஏறி வாசல் வரை போய், முதல் ஷட்டில்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தத்தில் தவறவிட்டால் இருட்டில் சுமார் 8 மைல் நடக்க வேண்டும்.

அப்புறம், ஏஞ்சல்ஸ் லேண்டிங். இருபுறமும் பாதாளம், நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்தப் பாறை முகடு. 2022 ஏப்ரல் முதல் அதற்கு பர்மிட் வேண்டும், பர்மிட்டைக் குலுக்கலில்தான் தருகிறார்கள். பருவத்துக்கு ஒரு குலுக்கல், நடக்கப் போகும் நாளுக்கு முந்தைய நாள் போடும் குலுக்கல் ஒன்று. இது தெரியாமல் குடும்பத்தோடு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. சங்கிலி தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் ஸ்கவுட் லுக்அவுட் வரை பர்மிட் இல்லாமலே போகலாம். மலைச்சுவரில் மடித்து மடித்துக் கட்டிய 21 திருப்பங்கள் வழியாக ஏறிப் போகும் அந்தப் பாதையே வந்த செலவுக்குத் தகும். உயரம் என்றாலே தலை சுற்றுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தண்ணீரில் நடக்கும்போது

நேரோஸ் என்பது வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் பாதை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச்சுவர், காலடியில் வழுக்கும் உருண்டைக் கல், முழங்காலிலிருந்து சில இடங்களில் இடுப்பு வரை தண்ணீர். இங்கே செய்யும் தவறுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று இறங்கிவிடுகிறார்கள். மழை பல மைல் தள்ளி மேட்டு நிலத்தில் பெய்யும். பாறை நீரை உறிஞ்சாது. மொத்தமும் இந்த இடுக்கில்தான் வந்து இறங்கும். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் என்ற இடுக்கில் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பூங்காவில் தினமும் திடீர் வெள்ள அபாயத்தை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அதைப் பார்க்காமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள். "வரலாம்" என்ற இரண்டாம் படி போட்டிருந்தாலே நான் வேறு பாதைக்குப் போய்விடுவேன். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினால், சுள்ளிகள் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், அந்த நிமிடமே மேட்டில் ஏறிவிட வேண்டும். வாசலை நோக்கி ஓட முயல வேண்டாம். வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும்.

கீழே இறங்குவது சுலபம்

சாதாரண மலையில் முதலில் ஏற்றம். களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். கிராண்ட் கேன்யனில் தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம், அதுவும் உச்சி வெயிலில். கீழே போகப் போக வெப்பமும் கூடும். இறங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்பது அங்கே வழக்கமான கணக்கு.

சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை ஒன்றரை மைல்தான். ஆனால் அந்த ஒன்றரை மைலில் 1,100 அடிக்கு மேல் இறங்கிவிடுவீர்கள். வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அபூர்வம். ஒரு ஜூன் மாதம் பத்தரை மணிக்கு நான் மேலேறி வந்துகொண்டிருந்தேன். படியில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கும். கையில் அரை லிட்டர் பாட்டில், நசுங்கி, காலியாக. கருப்புச் சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். முகம் சிவந்து, பேச்சு குழறியது. பையில் இருந்த தண்ணீரையும் முறுக்கையும் கொடுத்து, தொப்பியை நனைத்துத் தலையில் வைத்து, பாறை ஓரத்து நிழலில் அரை மணி நேரம் உட்கார வைத்தோம். பிறகு மெதுவாக எழுந்து எங்களோடு ஏறி வந்தான். அவன் போகத் திட்டமிட்டிருந்தது அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுக்கு. அந்த அரை லிட்டரோடு!

முறுக்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடம்பில் உப்பு குறைந்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் மருத்துவமனை வரை கொண்டுவிடும். ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்றால், அதோடு உப்பான தீனியும் சேர்ந்தே போக வேண்டும். புளியோதரையும் ஊறுகாயும் இதற்கு அருமையான சாப்பாடு. பிரைஸ் பக்கம் சின்ன ஊர்களில் எட்டு, ஒன்பது மணிக்கே சமையலறையை மூடிவிடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தேர்வும் குறைவு. அதனால் கையில் கட்டிக்கொண்டு போவது இரண்டு வகையில் நல்லது.

சில சின்ன விஷயங்கள்

ஸயான் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். ஆனால் அது காட்டும் குறுக்கு வழியை நம்பி விடாதீர்கள். பிரைஸ் பக்கத்திலிருந்து பேஜ் ஊருக்குப் போக காட்டன்வுட் கேன்யன் ரோடு நேர்வழியாகத் தெரியும். அது மண் ரோடு, மழை பெய்தால் களிமண் சேறு. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் ரோட்டுக்கு அனுமதியே இல்லை.

பேஜில் ஆண்டிலோப் கேன்யன் என்ற பாறை இடுக்கைப் பார்க்க முன்பதிவு செய்தவர்கள் மணியை இரண்டு தடவை சரிபாருங்கள். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும், அரிசோனா தள்ளாது, அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளும். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். ஆண்டிலோப் கேன்யன் நவஹோ மக்களுடையது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும், தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது கூட்டிப்போகிறவர்கள் கட்டணத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர், வசிப்பவர்களுக்கு 80. பாஸ் இல்லாமல் போனால் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல்.

பிரைஸில் குளிரும்

பாலைவனம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு வருவார்கள். பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேல், ஊட்டியைவிட உயரம். மே மாதத்திலும் அக்டோபரிலும் இரவில் தண்ணீர் உறையும். அப்படி உறைந்து உருகி உறைந்துதான் பிரைஸில் எல்லோரும் பார்க்க வரும் செந்நிறப் பாறைத் தூண்களே உருவாயின. பெயரைப் பார்த்து மாலையில் சன்செட் பாயிண்டுக்கு ஓடுவது இன்னொரு தவறு. அந்தத் தூண் கூட்டம் கிழக்கு பார்த்தது. சூரியன் மறைவதற்கு வெகு நேரம் முன்பே எல்லாம் நிழலில் முங்கிவிடும். விடியலில் போய் நின்றால் ஒவ்வொரு தூணும் உள்ளே விளக்கு வைத்ததுபோல் மேலிருந்து கீழாக ஒளிரத் தொடங்கும்.

அதனால் பிரைஸில் முதல் நாள் இரவே பாட்டில்களை நிரப்பி, காலுறை, கனமான ஜாக்கெட், தலையில் கட்டும் விளக்கு எல்லாம் கதவோரம் எடுத்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். உதயத்துக்கு அரை மணி முன்னால் விளிம்பில் நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் குயின்ஸ் கார்டன் பாதை வழியாக இறங்கி நவஹோ லூப் பாதை வழியாக ஏறினால் சுமார் மூன்று மைல். மேலே வரும்போது மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது. பார்க்கிங்கில் அப்போதுதான் கார்கள் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்.