அணியின் பெயரும் சீருடையும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாலைப் பயிற்சி முடிந்ததும் நாங்கள் தேநீர் குடிக்கும் கடைக்குக் கடந்த மாதம் நான்கு இளைஞர்கள் வந்தார்கள். புதிதாக ஓர் உதைபந்தாட்ட அணி தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "அங்கிள், ஜேர்சி எப்படியிருக்கு?" என்று கேட்டார். கடுஞ்சிவப்புத் துணியில் கறுப்பு டிராகன் ஒன்று தோளிலிருந்து இடுப்பு வரை வளைந்து கிடந்தது. அதன் செதில்களுக்கு நடுவே, பொன்னிறத்தில், 10 என்ற இலக்கம். 2013ஆம் ஆண்டு நானே தெரிவுசெய்து, பிறகு ஒரு பருவம் முழுவதும் வருந்திய ஜேர்சி அப்படியே கண்முன் வந்து நின்றது. எங்களுடையதில் டிராகனுக்குப் பதிலாகத் தீச்சுவாலை இருந்தது. மற்றபடி வித்தியாசம் எதுவுமில்லை.

அளவை எழுதி வாங்குங்கள், கழுவினால் சாயம் போகிறதா என்று பாருங்கள் என்பவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவார். அவற்றை விட்டுவிட்டு, ஓர் அணியின் உடைப்பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் சுமப்பவன் என்ற முறையில், யாரும் சொல்லித் தராததால் நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கைப்பேசியில் பார்த்து இலக்கத்தைத் தெரிவுசெய்தல்

முதுகிலுள்ள இலக்கம் மத்தியஸ்தருக்கும், குறிப்பெடுப்பவருக்கும், அறிவிப்பாளருக்கும், கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பயிற்றுநருக்கும் உரியது. அணிந்திருப்பவர் ஆட்டம் முடியும்வரை ஒருமுறைகூட அதைக் காண்பதில்லை. ஆனால் அதன் நிறத்தையும் வடிவத்தையும் முடிவுசெய்பவர் அவர்தான். அதுவும் ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, நள்ளிரவில், வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி.

எங்கள் ஜேர்சியும் அப்படித்தான் பிறந்தது. மெரூன் நிறம், கறுப்புச் சுவாலை, அதன்மேல் சாய்ந்து நிற்கும் பொன்னிற இலக்கம். போதாததற்கு, இலக்கத்தின் உடலில் வாளால் வெட்டியது போன்ற கீறல்கள். திரையில் பொன் மின்னியது. ஏனென்றால் திரையே ஒளிவிடும் பொருள். துணியில் அந்த மினுக்கம் வராது. இத்தகைய ஜேர்சிகளை அச்சிடும் சப்ளிமேஷன் முறையில் பொதுவாக மென்னீலம், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளைப் பொலியெஸ்டர் துணியின்மேல் வைத்து ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துவார்கள்; மை ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். பொன்னுக்கென்று அங்கே ஒரு மை கிடையாது. எங்களுக்கு வந்து சேர்ந்தது கடுகு நிறம். மெரூன்மேல் கடுகு, கடுகைச் சுற்றிக் கறுப்பு.

வியாழன் இரவு உடைகள் வந்தன, சனிக்கிழமை சுற்றுப்போட்டி. எல்லாரும் அணிந்து படம் எடுத்துக்கொண்டோம். கையெட்டும் தூரத்தில் உண்மையாகவே அழகாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

அரையிறுதி மின்னொளியில் நடந்தது. முதற்பாதியில் எங்கள் 3ஆம் இலக்க வீரர் எதிரணியினர் ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மத்தியஸ்தர் மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றவர். மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்பி ஓடிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துப் புத்தகத்தில் 8 என்று எழுதிக்கொண்டார். 3இன் இடப்பக்க வாயைச் சுவாலையின் நுனி சரியாக மூடிவிட்டிருந்தது. அணித்தலைவர் போய்ச் சொல்லியும் பயனில்லை. இரண்டாம் பாதியில், உண்மையான 8ஆம் இலக்க வீரர் பந்துக்காகச் சறுக்கியபோது சற்றுப் பிந்திவிட்டார். அது அவருடைய முதலாவது மஞ்சள் அட்டை, புத்தகத்தில் இரண்டாவது. வெளியேற்றப்பட்டார். ஒன்றுக்குப் பூச்சியம் என முன்னிலையில் இருந்த நாங்கள் 10 பேருடன் ஆடி, இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றோம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பையின்மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் முகத்தை மறக்க முடியவில்லை. மத்தியஸ்தர்மீது எனக்குக் கோபமில்லை. மறுநாள் அந்த ஜேர்சியைக் கம்பத்தில் தொங்கவிட்டு, அவர் நின்ற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். எனக்கும் 8 என்றுதான் தெரிந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நட்டம் பாதியாக இருந்திருக்கும். முழுவதையும் மீண்டும் தைக்கப் பணமில்லாததால், பழைய இலக்கத்தின்மேல், வினைல் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய வெள்ளை இலக்கத்தை வெப்பத்தால் ஒட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒட்டினோம். முதல் நாள் பளிச்சென்று இருந்தது. மூன்று வாரங்களில் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. சப்ளிமேஷன் சாயம் வெப்பத்தால் உள்ளே போனது. மறுபடி வெப்பம் பட்டால் வெளியேயும் வரும், மேலே ஒட்டிய பொருளுக்குள்ளும் ஏறும். இதைத் தடுக்கும் படலம் கொண்ட வினைல் தனியாக இருக்கிறது என்பதைக் கடைக்காரர் பிறகுதான் சொன்னார். கடைசியில் 18 ஜேர்சிகளையும் புதிதாகவே தைத்தோம். ஒரே பருவத்தில் ஓர் அணிக்கு இரண்டரைத் தடவை உடை வாங்கிய பெருமை கொழும்பில் வேறு யாருக்கும் இருக்காது.

இந்தத் தவறில் பெரிய கழகங்களும் விழுந்திருக்கின்றன என்பது ஒரு சிறு ஆறுதல். 1996 ஏப்ரல் 13 அன்று மென்செஸ்டர் யுனைட்டட் அணி சவுத்தம்டன் மைதானத்தில் சாம்பல் நிற உடையில் ஆடி, இடைவேளைக்குள் மூன்று கோல்கள் வாங்கியது. இடைவேளையில் நீல வெள்ளைக் கோடிட்ட உடைக்கு மாறியும் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது. சக வீரர்களைப் பார்வையாளர் கூட்டத்திலிருந்து பிரித்துக் காண முடியவில்லை என்று முகாமையாளர் அலெக்ஸ் பேர்கசன் சொன்ன காரணத்தைக் கேட்டு அன்று பலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

தூரத்திலுள்ள வடிவத்தைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான். நிறங்களுக்கிடையேயான வேறுபாடு அதற்கு அவ்வளவாக உதவாது. சிவப்பும் கடுநீலமும் முற்றிலும் வேறு நிறங்களாக இருந்தும், இரண்டும் இருண்டவை என்பதால், நீலத்தின்மேல் சிவப்பு இலக்கம் மைதானத்தின் நடுவிலேயே கரைந்துவிடும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டிசைனைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள்; இலக்கம் பின்னணியோடு கலந்தால் அந்த நிறச்சேர்க்கையைக் கைவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களிடையே அரிதல்ல என்பதால், அவர்களுக்கும் இதே சோதனை போதும்.

அடுத்தது அளவு. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் முதுகு இலக்கத்துக்கு 25 முதல் 35 சென்ரிமீற்றர் வரை உயரம் கேட்கிறது. நம் நாட்டின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தின் சர்வதேச விதிகள் முதுகில் குறைந்தது 20, மார்பில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் உயரமும், கோட்டின் தடிப்பு 2 சென்ரிமீற்றரும் கேட்கின்றன. புதியவர்கள் உயரத்தைக் கவனித்தாலும் தடிப்பை மறந்துவிடுகிறார்கள். மெல்லிய கோட்டில் எழுதிய 30 சென்ரிமீற்றர் இலக்கத்தைவிடத் தடித்த கோட்டில் எழுதிய 25 சென்ரிமீற்றர் இலக்கம் நன்றாகத் தெரியும். 25 சென்ரிமீற்றர் இலக்கம் ஒரு ஏ4 தாளில் அடங்கும். பின்னணிச் சித்திரத்தோடு சேர்த்து அதை அச்சிட்டு, ஒழுங்கையின் ஒரு முனையில் மதிலில் ஒட்டி, 50 மீற்றர் நடந்து திரும்பி நின்று, எந்த இலக்கம் என்று அறியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். 3, 6, 8, 9 ஆகிய நான்கையும் சோதித்தால் போதும். இவ்வளவுக்கும் செலவு நான்கு தாள்கள்.

கூப்பிட முடியாத பெயர்

அந்த நால்வரில் ஒருவர் அணிக்கு எழுஞாயிறு என்று பெயர் வைக்க விரும்பினார். நல்ல சொல். அதை ஆங்கில எழுத்தில் எழுதித் தாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு கொடுத்தேன்; நால்வரும் நான்கு விதமாக எழுதினார்கள். கொழும்பில் ஓர் அணியின் பெயர் தமிழில் பிறந்தாலும், ஆங்கில எழுத்தில் விண்ணப்பத்தில் ஏறி, சிங்கள அறிவிப்பாளரின் வாய் வழியாகத்தான் மைதானத்துக்கு வரும். ழகரமும் ஞகரமும் அடுத்தடுத்து நின்றால் அவர் என்ன செய்வார்? சில சுற்றுப்போட்டிகளில் எங்கள் பெயர் அழைக்கப்பட்டதே தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

நீளமான பெயரை யாரும் முழுதாகச் சொல்லப் போவதில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நகரத்தின் பழைய கழகங்கள் எஸ்.எஸ்.சி., என்.சி.சி., பி.ஆர்.சி. என்று மூன்று எழுத்துகளில் வாழ்கின்றன. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கிரிக்கெட் அன்ட் அத்லெட்டிக் கழகத்தின் மைதானத்தில்தான் 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. அந்தக் கழகத்தையும் மக்கள் தமிழ் யூனியன் என்ற இரண்டு சொற்களில்தான் அழைக்கிறார்கள். சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர் என்று கழகங்கள் சமூகப் பெயர்களைத் தாங்கிய ஊரில், எந்த வகையிலும் சேராதவர்கள் என்று பொருள்படும் நொன்டெஸ்கிரிப்ட்ஸ் என்ற பெயரை 1888இலேயே ஒரு கழகம் சூடிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அப்படி ஒரு பெயர் வாய்க்காவிட்டால், இடத்தின் பெயரோடு ஒரு சொல் போதும். எழுத்துகளைச் சுருக்கி உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள். நீங்கள் சுருக்காவிட்டால் எதிரணியினர் சுருக்கிவிடுவார்கள்.

அனுசரணையாளரின் பெயரை அணியின் பெயராக்காதீர்கள். லங்கா பிரிமியர் லீக்கில் கொழும்பு அணி 2020இல் கிங்ஸ், 2021இல் ஸ்டார்ஸ், 2023இல் ஸ்ட்ரைக்கர்ஸ். உரிமையாளர் மாறும்போது பெயரும் மாறுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பதாகையும் முத்திரையும் கடிதத்தாளும் மீண்டும் அச்சிடக் கையிலிருந்து பணம் போடும் அணிக்கு அது கட்டுப்படியாகாது.

விலங்கின் பெயர் வைக்க விரும்பும் கொழும்புத் தமிழ் அணி எந்த விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

தமிழ் எழுத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுதல்

கொட்டாஞ்சேனை என்ற ஒரு சொல்லிலேயே கொ, சே, னை என மூன்று இடங்களில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. வட்ஸ்அப்பில் யுனிகோட்டில் அனுப்பிய இந்தச் சொல்லைச் சில பழைய டிசைன் மென்பொருள்களில் ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதையே யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவுக்கு மாற்ற முயன்றால் சொல்லே அழிந்துவிடும். டிசைன் செய்யும் தம்பி சிங்களம் மட்டும் வாசிப்பவராக இருந்தால் அவர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. அவரைக் குறைசொல்ல முடியாது. எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎப் கோப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் கடைத் திரையில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள். ஒருமுறை எங்கள் மார்பில் ஊர்ப்பெயர் உடைந்து வந்தது. எதிரணியினர் அதை அப்படியே உச்சரித்துக் கூப்பிட்டார்கள்.

கோல் காப்பாளர்

உதைபந்தாட்டத்தின் 4ஆம் விதிப்படி அவருடைய நிறம் மற்ற வீரர்களிடமிருந்தும் மத்தியஸ்தர்களிடமிருந்தும் வேறுபட வேண்டும். மத்தியஸ்தர்கள் பலர் அணிவதால் கறுப்பு வேண்டாம்.

இரண்டாவது நிறம்

2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் நீல உடை இங்கிலாந்தை எதிர்கொள்ள இந்திய அணியே செம்மஞ்சளுக்கு மாறியது. நம்மைப் போன்றவர்களுக்கு ஜேர்சியின்மேல் அணியும் கையில்லா மேற்சட்டையான பிப் ஒரு தொகுதி போதும். ஆனால் பிப்பிலும் இலக்கம் இருக்க வேண்டும்.

மென்பந்துத் துடுப்பாட்டம்

பந்தின் நிறத்தில் ஜேர்சி தைக்காதீர்கள்.

முதுகில் செல்லப்பெயர்

வேண்டாம். அந்தப் பெயருக்குரியவர் கட்டாருக்குப் போனதும் அந்த ஜேர்சியை அடுத்தவர் அணிய மறுப்பார்.

மாதிரி பார்க்காமல் முற்பணம் முழுவதையும் கொடுத்தல்

ஒரேயொரு ஜேர்சியை முதலில் அடித்துத் தரக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். ஒன்றுக்காகத் தாளும் வெப்ப இயந்திரமும் வீணாகும் என்பார்கள். அந்த ஒன்றுக்கு இரட்டை விலை கொடுத்தாவது வாங்கிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மைதானத்தில் ஒருவருக்கு அணிவித்து ஓடவிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பைக் கடையில் மட்டும் விட்டுவைக்காமல் இரண்டு பேர் பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஆண்டு மூன்று புதிய வீரர்கள் வரும்போது அதே சிவப்பு மீண்டும் கிடைக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு அந்த நால்வரும் தாளோடு வந்தார்கள். ஒழுங்கையில் ஒட்டிப் பார்த்தோம். 50 மீற்றரில் பொன்னிற 6ஐத் தேநீர்க் கடைக்காரர் 8 என்றார், 9ஐயும் 8 என்றார். டிராகனை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதுகு இப்போது வெறும் சிவப்பு, இலக்கம் வெள்ளை. பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. விண்ணப்பத்தை ஒப்படைக்க 9 நாட்கள் இருக்கின்றன.