சப்பை நோய்த் தடுப்பூசி: திருகோணமலைப் பட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெலிந்து கிடக்கும் கிழட்டு மாட்டை விட்டுவிட்டு, நன்றாக வளர்ந்து நிற்கும் நாம்பனையும் (இளங்காளை) நாகையும் (கன்று ஈனாத இளம் பசு) தேடிப் பிடிக்கும் நோய் சப்பை நோய். கால்நடை வைத்திய அலுவலகத்தில் பிளக் குவாட்டர், சுருக்கமாக பி.கியூ. என்பார்கள். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட மாடுகள்தான் இதில் அதிகம் சாகின்றன. நேற்று மேய்ந்த கன்று இன்று நொண்டும், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். தொடையிலோ தோளிலோ வீக்கம் தெரியும். அழுத்தினால் தோலுக்குள்ளே காற்று நொறுநொறுவென்று கேட்கும். முதலில் தொடவிடாமல் வலிக்கும் வீக்கம் சில மணி நேரத்தில் குளிர்ந்து மரத்துப்போகும். அதன்பின் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான். பல பட்டிகளில் கன்று நொண்டியதைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செத்துக் கிடப்பதைத்தான் பார்ப்பார்கள்.

பென்சிலின் இந்தக் கிருமியைக் கொல்லும், ஆனால் நோயின் தொடக்கத்திலேயே போட்டால்தான். காட்டோரத்தில் மேயும் ஐம்பது அறுபது மாட்டுக்குள் அந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் தடுப்பூசிதான் வழி. ஊசி நல்ல ஊசிதான். அதைப் போடும் விதத்தில்தான் தவறுகள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தை மறப்பதால் வருகின்றன: இந்த நோய் பக்கத்து மாட்டிலிருந்து தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது.

பாதிப் பட்டிக்குப் போட்டால் போதும் என்ற கணக்கு

நோயை உண்டாக்கும் கிருமியின் பெயர் குளொஸ்ட்ரிடியம் சோவோயி. காற்றுப் பட்டால் இதனால் வளர முடியாது. ஆனால் கடினமான ஓட்டுக்குள் வித்தாக அடங்கி, வெயில், வெள்ளம் எல்லாம் தாங்கி, மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மாடு புல்லோடு அந்த வித்துகளைத் தின்கிறது. அவை குடல் வழியாக உடம்புக்குள் போய் தசைகளில் சத்தமில்லாமல் தங்குகின்றன. ஒருநாள் அந்தத் தசையில் அடிபட்டு, கன்றி, ஒட்சிசன் குறைந்தால் வித்து முளைத்து நஞ்சையும் வாயுவையும் உண்டாக்குகிறது. வெளியே ஒரு காயமும் இல்லாமலே மாடு செத்துப்போவது இதனால்தான்.

மாட்டுக்கு மாடு தொற்றும் நோய் என்றால், பட்டியில் பெரும்பான்மைக்கு ஊசி போட்டதும் பரவல் தடைப்பட்டு, விடுபட்டதும் ஓரளவு தப்பிவிடும். காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோயில் (கோமாரி) அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் இடம் உண்டு. சப்பை நோயில் துளியும் கிடையாது. நாற்பது மாட்டுக்கு ஊசி போட்டு ஐந்து கன்றுகளை விட்டால், அந்த ஐந்தும் நாற்பதுக்கும் போடாத பட்டியில் நிற்கும் கன்றுகளைப் போலவே காவலில்லாமல் நிற்கின்றன. ஒவ்வொரு மாடும் தனக்காகத் தானே ஊசி பெற வேண்டும்.

விடுபடுகிறவை எவை என்று பாருங்கள். பிடிக்கச் சிரமமான துடிப்பான நாம்பன்கள், பற்றைக்குள் ஓடிவிட்ட நாகுகள், போன முறை ஊசி போட்டபோது பால்குடியாக இருந்ததால் விடப்பட்ட கன்றுகள். நோய்க்கு மிகவும் பிடித்த வயதும் அதுதான். சாதுவாக வந்து நிற்கும் கறவைப் பசுக்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, “எல்லாத்துக்கும் போட்டாச்சு தம்பி” என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும். நேரமோ மருந்தோ போதாது என்றால், முதலில் இளம் மாடுகளைப் பிடியுங்கள்.

கன்றுகளுக்கு எந்த வயதில் தொடங்குவது? தென்னாசியாவில் பொதுவாக ஆறு மாதத்தில் முதல் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட பசுவின் சீம்பாலில் வரும் காப்பு முதல் சில மாதங்களுக்குக் கன்றைக் காக்கும்; அதே காப்பு, மிகச் சின்ன வயதில் போடும் ஊசியின் வேலையைக் குறைத்தும் விடும். ஏதோ காரணத்தால் முன்கூட்டியே போட்டிருந்தால் மறுபடி ஒரு முறை போட்டாக வேண்டும். சில மருந்துகளுக்கு முதல் ஆண்டில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. குப்பியோடு வரும் தாளில் அது இருக்கும், வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை.

மழை தொடங்கிய பின் ஓடுவது

மூதூரிலும் வெருகலிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கினால் மாடுகளை வயல்வெளியிலிருந்து காட்டோரத்துக்கு ஓட்டிவிட வேண்டும். அதன்பின் வாடைக்காற்று மழை. பாதை சேறு, பட்டி எங்கேயோ, ஊசி போடுபவர் அங்கே வந்துசேர்வதே பெரும்பாடு. சப்பை நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில்தான். ஈரமும் வெள்ளமும் மண்ணைக் கிளறி வித்துகளை மேலே கொண்டுவருகின்றன.

ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. உடம்பு தயாராக இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆகவே ஒக்டோபர் இறுதியில் முதல் கன்று செத்தபின் அலுவலகத்துக்கு ஓடினால், நவம்பர் நடுப்பகுதி வரை பட்டி வெறுமனேதான் நிற்கும். ஓகஸ்ட், மிஞ்சினால் செப்டெம்பர் முதல் பாதி. மாடுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, பட்டியை நகர்த்துவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அயல் பட்டிக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளைக் குறித்து முன்கூட்டியே அலுவலகத்தில் சொன்னால் அவர்களுக்கும் வசதி, ஒரு குப்பியின் மருந்தும் வீணாகாது.

“எங்கட தரையில இந்த நோய் வந்ததே இல்லை” என்பது இன்னொரு வாதம். மகாவலி கரையை மீறும்போது எங்கெங்கோ உள்ள மண் நமது மேய்ச்சல் தரையில் வந்து படிகிறது. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் கிடந்ததை நினைத்துப் பார்த்தால், எந்தத் தரையில் எந்த மண் இருக்கிறது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்?

ஏற்கெனவே ஒரு மாடு செத்துவிட்டது என்றால் ஊசியால் பயனில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். மீதி மாடுகளை உடனே அந்தத் தரையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றி, வைத்தியரை அழையுங்கள். ஊசியோடு சேர்த்து, காப்பு வரும்வரை பென்சிலினும் தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

எந்த ஊசி?

“போன மாதம் ஊசி போட்டதுதானே” என்பவரிடம் எந்த ஊசி என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. தொண்டை அடைப்பானுக்கு வேறு ஊசி, கால்வாய் நோய்க்கு வேறு, சப்பை நோய்க்கு வேறு. ஒன்று மற்றதற்குக் காவலாகாது. தொண்டை அடைப்பானும் மழைக்காலத்தில்தான் வரும், அதுவும் திடீரென்று கொல்லும். ஆனால் அதில் வீக்கம் தொண்டையிலும் கழுத்தடியிலும் இருக்கும், எருமைகளை அதிகம் வாட்டும். ஒரு கொப்பியில் திகதி, ஊசியின் பெயர், எந்தெந்த மாடு என்று எழுதி வையுங்கள். விடுபட்டவற்றையும் எழுதுங்கள், அடுத்த வாரம் தேடிப் பிடிக்க அந்தப் பட்டியல்தான் உதவும்.

மருந்தும் மாட்டைப் பிடிக்கும் விதமும்

தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் மோட்டார் சைக்கிள் பையில் வந்த மருந்து வீண். கூடுதல் கவனம் என்று நினைத்து ஐஸ் உறையும் பெட்டியில் வைத்ததும் வீண்தான், இது உறையக்கூடாத மருந்து. குப்பியைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். திறந்த குப்பியை அன்றே முடித்துவிட வேண்டும். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பதெல்லாம் வேண்டாம்.

சின்னக் கன்றுதானே என்று அளவைப் பாதியாக்குவது பரவலான தவறு. காய்ச்சல் மருந்தைப்போல இதை உடம்பின் எடைக்கு ஏற்பக் குறைப்பதில்லை. தாளில் 5 மில்லிலீட்டர் என்றிருந்தால் கன்றுக்கும் 5 மில்லிலீட்டர்தான். பெரும்பாலும் கழுத்துப் பக்கத்தில் தோலைத் தூக்கி அதற்கடியில் போடுவார்கள். ஊசிமுனைகளைக் கொதிக்கவைத்து, அடிக்கடி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். போட்ட இடத்தில் சிறு கட்டி வந்தால் பயப்படத் தேவையில்லை, சில வாரத்தில் கரைந்துவிடும். காய்ச்சலோடு சோர்ந்து நிற்கும் மாட்டுக்கு அன்று போடாமல், வைத்தியரிடம் காட்டுங்கள்.

கயிறு போட்டு விரட்டி, விழுத்தி, நாலு பேர் ஏறி அமுக்கி ஊசி போடும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. தசை கன்றினால் வித்து முளைக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? காப்பு வராத அந்த இரண்டு மூன்று வாரத்தில் நாமே அடிபட வைத்தால் நோய்க்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். மரக்கட்டைகளை நட்டு ஒரு மாடு மட்டும் நுழையும் ஒடுக்கமான பாதை செய்தால் பாதித் தொல்லை தீரும். அதே நாளில் குறிசுடுவதையும் நலமடிப்பதையும் (காயடிப்பதையும்) வைத்துக்கொள்ள வேண்டாம், மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். லொறியில் ஏற்றி வாங்கி வந்த மாடுகளும் உள்ளுக்குள் அடிபட்டே வந்திருக்கும். முடிந்தால் விற்பவரிடமே மூன்று வாரம் முன்னதாக ஊசி போட்டு வாங்குங்கள்.

செத்த மாட்டை என்ன செய்வது

தோலுக்கு ஆசைப்பட்டு உரிப்பது, இறைச்சியைப் பங்கு போடுவது, ஆற்றிலோ குளத்திலோ தள்ளிவிடுவது: மூன்றும் வேண்டாம். உடலை வெட்டினால் கோடிக்கணக்கான கிருமிகள் மண்ணில் சிந்தி வித்துகளாகிவிடும். இழுத்துக்கொண்டு போனால் போகிற வழியெல்லாம் விதைத்ததாகும். இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு: திடீரென்று சாகும் மாடு அடைப்பானால், அதாவது ஆந்த்ராக்ஸால் செத்திருக்கலாம், அது மனிதரையும் கொல்லும். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த இரத்தம் தெரிந்தால் கிட்டவே போக வேண்டாம். எது எப்படியானாலும் கத்தி வைக்காமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். அவர் பார்த்த பிறகு, கிடக்கும் இடத்துக்கு மிக அருகில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மேலே முள்வேலி கட்டி, அந்த இடத்தில் பட்டியை மேயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையைப் பின்னால் வேறு யாருக்காவது கொடுத்தால் அந்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.