ஆளை நிறுத்தினீர்கள், கடைச் சீல் கைக்கு வந்ததா? வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய சட்டத் தவறுகள்

மாரி தொடங்கிய நேரம் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி என்னிடம் வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் பதினொரு சிட்டைகள்: சீமெந்து, கம்பி, கூரைத் தகரம். ஒவ்வொன்றிலும் அவருடைய கடைச் சீல் ஊதா மையில் பளிச்சென்று குத்தியிருந்தது. பக்கத்தில் அவருடைய பழைய மனேச்சரின் கையெழுத்து.

"தம்பி, உவனை நான் நிப்பாட்டி மூண்டு மாசம். அதுக்குப் பிறகு எடுத்த சாமானுக்கு நான் ஏன் காசு கட்டவேணும்?"

"நிப்பாட்டின விசயத்தை மொத்தக் கடைக்காரருக்குச் சொன்னீங்களோ அண்ணை?"

"ஊருக்கே தெரியுமே!"

ஊருக்குத் தெரிந்திருக்கலாம். சிட்டை எழுதிய மொத்த வியாபாரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏழு வருடமாக அந்தப் பெடியன் வந்து சாமான் ஏற்றுவான், மாதக் கடைசியில் முதலாளி கணக்கை முடிப்பார். எட்டாவது வருடமும் அதே பெடியன் அதே சீலோடு வந்து நின்றால், மொத்தக் கடைக்காரர் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்? கடைசியில் அண்ணை அத்தனை சிட்டைக்கும் காசு கட்டினார். அவருடைய சம்மதத்தோடு, ஊரும் பேரும் விட்டு, இதை எழுதுகிறேன். இதே பிழையை நம் யாழ்ப்பாணப் பக்கத்தில் கடை கடையாகப் பார்க்கிறேன்.

இலங்கையில் பொதுவான ஒப்பந்தங்களுக்கு உரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. முகவர் விடயம் வேறு. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், அதன் 3ஆம் பிரிவில், முதல்வர் - முகவர் தொடர்பான கேள்விகளுக்கு இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது. முதல்வர் என்றால் யாருக்காக வேலை நடக்கிறதோ அவர். முகவர் என்றால் அவருக்காக மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர். போர்டில் 'ஏஜென்ட்' என்று எழுதியிருக்க வேண்டிய தேவை இல்லை. கல்லாவில் இருக்கும் மருமகனும் முகவர்தான். சுன்னாகம் சந்தையில் உங்கள் வெங்காயத்தை விற்றுத் தருபவரும் முகவர்தான்.

முகவருடைய அதிகாரம் இரண்டு வழியில் பிறக்கும். ஒன்று, நீங்கள் வாயாலோ எழுத்தாலோ கொடுப்பது. மற்றது, அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று வெளியார் நம்பும்படி நீங்களே நடந்துகொள்வது. கழுத்தை நெரிப்பது இந்த இரண்டாவதுதான். 1857இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட சமர்ஸ் எதிர் சொலமன் வழக்கைக் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர்கள் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது. ஒருவர் தன் நகைக்கடையைப் பார்த்துக்கொள்ள உறவுப் பெடியன் ஒருவனை வைத்திருந்தார். அவன் நகை எடுப்பதும் முதலாளி காசு கட்டுவதும் வழக்கமாக நடந்து வந்தது. அவன் வேலையை விட்டுப் போனான். போன பிறகும் முதலாளியின் பெயரைச் சொல்லி நகை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டான். விற்றவருக்கு முதலாளி காசு கட்ட வேண்டும் என்பதே தீர்ப்பு. விலகியதை விற்றவருக்கு அறிவிக்காத பிழை முதலாளியுடையது.

ஆகவே ஒருவரை நிறுத்தும் நாளிலேயே சீல், பில் புத்தகம், சாவி, கடையின் வட்ஸ்அப் இலக்கம் போட்ட சிம் அத்தனையும் கைக்கு வர வேண்டும். கடனுக்குச் சாமான் தரும் ஒவ்வொருவருக்கும் அன்றே பதிவுத் தபாலில் இரண்டு வரி போதும்: "இன்னார் இன்ன திகதியிலிருந்து எமது கடையில் வேலை செய்யவில்லை. அத்திகதிக்குப் பின் அவர் எமது பெயரில் பெறும் பொருளுக்கோ பணத்துக்கோ நாம் பொறுப்பல்ல." வட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பி, படம் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு அதுவும் மதிப்புள்ள பதிவுதான். ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் அதில் எழுதாதீர்கள். 'கள்ளன்' என்று ஒரு சொல் எழுதிவிட்டு அவதூறு வழக்கில் நிற்பவர்களும் உண்டு.

பொலிசுக்கு ஓடுவதற்கு முன்

அந்த அண்ணையின் அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பதுதான்: "அப்ப உவனைப் பொலிசில குடுப்பமோ?"

கொடுக்கலாம். ஆனால் ஏமாற்றப்பட்டது யார்? இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டி அவன் சாமான் வாங்கியது மொத்தக் கடைக்காரரிடம். முறைப்பாட்டில் முதலில் பேச வேண்டியவர் அவர். தன் காசு வந்துவிட்டதால் அவருக்கு அதில் அக்கறை இல்லை. கடைசியில் என்ன செய்தோம் என்றால், அவரை ஒருவாறு சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனோம்.

இங்கே நம்மவர்கள் விடும் பெரிய பிழை, காசு வராததெல்லாம் குற்றம் என்று நினைப்பது. தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், அதுவும் பொருளைக் கைப்பற்றிய நேரத்திலேயே இருந்திருக்க வேண்டும். தைப்பொங்கலுக்குத் தருகிறேன் என்று மனதாரச் சொல்லி நூறு மூட்டை சீமெந்து வாங்கியவர், வேலை பிழைத்துப்போய் சித்திரையிலும் தரவில்லை என்றால், அவர் கடன்காரர், குற்றவாளி அல்ல. வாங்கும்போதே தருகிற எண்ணம் இல்லாமல், பொய்ப் பெயரோ பொய் ஓடரோ காட்டி வாங்கியிருந்தால் அது வேறு கதை. பிறகு நடந்ததை வைத்து முன்பிருந்த மனத்தை நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கில் எது கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினால் போதும்.

பொலிசில் 'என்றி' போட்டுவிட்டு இருந்துவிடுவதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. அதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு மனம் ஆறாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம். வாய் ஒப்பந்தத்துக்கு 3 வருடம். விற்று ஒப்படைத்த பொருளுக்கும் கடைக் கடனுக்கும் ஒரே ஒரு வருடம். உங்கள் கடன் கொப்பியில் இருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வருடக் கணக்குத்தான்! பொலிஸ் முறைப்பாடு அந்தக் காலத்தை நிறுத்தி வைக்காது. "பொலிசில கதைச்சிருக்கு, பாப்பம்" என்று பதினான்கு மாதம் பார்த்தவர்கள் வந்து கொப்பியை நீட்டும்போது என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கடன்காரர் கொஞ்சக் காசு கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலோ காலம் அங்கிருந்து புதிதாக எண்ணப்படும். அதனால் கொப்பியில் மீதியை எழுதி, திகதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுழிப்பார். பரவாயில்லை.

கடனுக்காக அவருடைய மோட்டார் சைக்கிளைப் பிடித்துவைப்பதும் வேண்டாம். சம்மதம் இல்லாமல் எடுத்தால் திருட்டுக் குற்றச்சாட்டு உங்கள்மேல் திரும்பும்.

"நாளைக்கு வைப்பன்" என்ற காசு

இனி மறுபக்கம். இது முதலாளிகளுக்கு அல்ல, அவர்களுக்காகக் காசு சேர்க்கும் பிள்ளைகளுக்கு. ரெப் (விற்பனைப் பிரதிநிதி) வேலை செய்யும் பெடியள் கடை கடையாகப் போய்க் கலெக்சன் காசு வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை சேர்ந்த காசில் தங்கச்சியின் கட்டணத்துக்குப் பத்தாயிரம் எடுத்து, திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று ஒருவன் நினைக்கிறான். அவன் மனதில் அது கைமாற்று.

சட்டம் அப்படிப் பார்க்காது. தண்டனைச் சட்டக் கோவையின் 386ஆம் பிரிவின் விளக்கம், கொஞ்சக் காலத்துக்கு மட்டும் நேர்மையின்றிக் கையாடினாலும் கையாடல்தான் என்கிறது. நம்பி ஒப்படைத்த காசு என்றால் அது 388ஆம் பிரிவின் குற்றவியல் நம்பிக்கை மோசடியாகிறது. வேலையாள் செய்தால் 391, தொழில்முறை முகவரோ தரகரோ செய்தால் 392. இவற்றுக்குச் சாதாரண நம்பிக்கை மோசடியைவிடக் கூடிய தண்டனை. திங்கட்கிழமை திருப்பி வைத்தது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது. தம்பிமாரே, தேவை என்றால் முதலாளியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் அன்றோடு முடிந்தது. கேட்காமல் எடுத்தால் நீதவான் முன் நிற்க நேரிடும். கலெக்சன் காசை உங்கள் சொந்தக் கணக்கில் போடவும் வேண்டாம், ஒரு இரவுக்குக்கூட.

முதலாளிக்குச் சாமான் வாங்கும்போது விற்பவரிடம் 'சந்தோசம்' வாங்குவதும் இதன் அண்ணன்தான். 1888இல் இங்கிலாந்தில், பொஸ்டன் ஆழ்கடல் மீன்பிடி மற்றும் ஐஸ் கொம்பனியின் நிர்வாகப் பணிப்பாளர் படகு கட்டுபவர்களிடம் இரகசியமாகக் கொமிசன் வாங்கியிருந்தார். ஐஸ் விற்ற கொம்பனியிடமிருந்தும் அவருக்குத் தனியாக மேலதிகக் காசு வந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கியது சரி, இரகசியமாக வாங்கியதை அவர் கொம்பனிக்கே கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பருத்தித்துறையில் ஐஸும் மீனும் கைமாறும் இடங்களை நினைத்தால் அந்த வழக்கு எனக்குப் பழையதாகத் தெரிவதில்லை. இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

காசோலை பற்றிச் சுருக்கமாக. கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். அந்த அறிவோடு இன்னொருவருடைய காசோலையைக் கைமாற்றுவதும் குற்றம்தான். வேறொருவர் தொகையை நிரப்பிக் கொடுத்து உங்களைச் சிக்கலில் மாட்டாமல் இருக்க, கொழும்புக்குப் போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வைத்து லாச்சிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

அக்காவின் அற்றோனித் தத்துவம்

கனடாவில் இருக்கும் அக்கா காணியையோ கடையையோ பார்க்கத் தம்பிக்கு அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். அக்கா காலமாகிவிடுகிறார். எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிந்து ஒரு மாதத்தில், முன்பே பேசி வைத்த விற்பனைக்குத் தம்பி அதே தத்துவத்தை வைத்து உறுதியில் கையெழுத்து வைக்கிறார். அவர் மனதில் களவு இல்லை, அக்காவின் விருப்பத்தையே நிறைவேற்றுகிறார். ஆனால் எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்த அதிகாரமும் இறந்துவிட்டது. அதன் பிறகு போட்ட கையெழுத்தின்மேல் வாங்கியவரின் உரித்தும் ஆடும், தம்பியும் பதில் சொல்ல வேண்டி வரும். இறந்தது தெரிந்தும் மறைத்தார் என்றால் பேச்சு குற்றவியல் பக்கம் போகும். 1910இல் தீர்ந்த யொங் எதிர் டொயின்பி வழக்கில், கட்சிக்காரர் சித்தசுவாதீனம் இழந்தது தெரியாமலே வழக்கைத் தொடர்ந்து நடத்திய சட்டத்தரணிகள்கூட மறுதரப்பின் செலவைத் தம் கையால் கொடுக்க நேர்ந்தது. தெரியாது என்பது அங்கே காப்பாற்றவில்லை. வாங்குபவர்களும் கையெழுத்து வைக்கும் நாளன்று எழுதிக் கொடுத்தவரை வீடியோ அழைப்பில் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இடையில் நின்றவர்

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்ன ஒருவருக்கு, அயலில் நாலு குடும்பத்திடம் காசு வாங்கிக் கொடுத்தார். ஒரு சதம்கூடத் தனக்கு எடுக்கவில்லை. "பிள்ளையள் முன்னேறட்டும் எண்டுதானே செய்தனான்" என்று தன் வங்கிப் புத்தகத்தை என் முன் விரித்தார். அதில் நாலு வரவு, அடுத்தடுத்த நாளில் நாலு செலவு. வந்ததெல்லாம் அப்படியே போயிருக்கிறது. ஆனால் அனுப்புகிறவர் தொலைபேசியை நிறுத்திவிட்டார். சனங்களின் கையில் இருப்பது ரீச்சரின் கணக்கு இலக்கமும், "பயப்பிடாதேங்கோ, நல்ல ஆள்" என்ற அவருடைய குரல் பதிவும்தான்.

நேர்மையற்ற எண்ணம் இல்லாதவர் ஏமாற்றிய குற்றவாளி ஆகமாட்டார். ஆனால் அந்த எண்ணம் இல்லை என்பதை முதலில் பொலிசுக்கு, பிறகு நீதவானுக்கு அவர் விளக்க வேண்டும், அதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி, வேலைக்கு ஆள் அனுப்பும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். யாராவது உங்களை 'காசை மட்டும் சேர்த்துத் தாங்கோ' என்று கேட்டால், முதலில் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கிப் பணியகத்தில் விசாரியுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் காசை உங்கள் கணக்கில் வாங்க வேண்டாம். கொடுப்பவர் நேரே அந்த நிறுவனத்தின் கணக்கில் போடட்டும், பற்றுச்சீட்டு அவர் பெயரிலேயே வரட்டும். ரீச்சரிடம் அன்று இருந்தது அந்தப் புத்தகத்தின் எட்டு வரிகள் மட்டும். அவற்றைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் தந்தது, யாருக்குப் போனது என்று திகதியோடு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னேன்.