நிலத்தடித் தொட்டி கிணறு அல்ல: கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரக் கிராமங்களில் பல இடங்களில் எத்தனை அடி போர் போட்டாலும் உவர் தண்ணீர்தான் வருகிறது. அங்கே கிணற்றுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நிலத்தடித் தொட்டி கட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வது நல்ல வழி. ஆனால் 'சம்ப்' என்றதும் பலர் கிணற்றை மனதில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. கிணற்றில் தண்ணீர் ஊறும். தொட்டியில் நாம் விட்டது மட்டுமே இருக்கும்.

அதனால் குழி வெட்டும் முன் கணக்குப் போட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தெறிப்பது, உறிஞ்சுவது, ஆவியாவது போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைக்கலாம். 800 சதுர அடி மொட்டைமாடி என்பது 74 சதுர மீட்டர். சுமார் 200 மி.மீ. மழைக்கு 12,000 லிட்டர் கிடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓரளவு பெய்தாலே 12,000 லிட்டர் தொட்டி நிறையும்.

அந்த 12,000 லிட்டர் எத்தனை நாளைக்கு? ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் எடுத்தால் 240 நாள். குளியல், துணி, கழிப்பறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 55 லிட்டர் எடுத்தால் 43 நாள். தை பிறந்து சில வாரத்தில் தரை தெரியும். குடிநீருக்குத் தொட்டி, புழக்கத்துக்கு உவர் தண்ணீர் என்று குழாயைத் தனித்தனியாகப் பிரிக்காமல் கட்டுவதுதான் முதல் பெரிய தவறு. உறிஞ்சு குழியையும் தொட்டியையும் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. ஜல்லி நிரப்பிய குழி மழையை மண்ணுக்குள் அனுப்பத்தான். அடியில் ஏற்கெனவே உவராக இருந்தால் அதில் இறங்கிய நல்ல தண்ணீர் பெரும்பாலும் திரும்பிக் கைக்கு வராது.

காலித் தொட்டி மிதக்கும்

இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் உண்டு. உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கான்கிரீட் தொட்டியை எடுத்துக்கொள்வோம் (தண்ணீர் 2 மீட்டர் உயரம்தான் நிற்கும், மேலே 30 செ.மீ. ஓவர்ஃப்ளோ குழாய்க்கு). சுவரும் தளமும் 15 செ.மீ. கனம், மேல் சிலாப் 12 செ.மீ. என்றால் மொத்த எடை சுமார் 14 டன். ஐப்பசி மழையில் சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அது தொட்டியை மேலே தள்ளும் விசை சுமார் 19.5 டன். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் தொட்டி கிளம்பும், சாயும், குழாய் முறியும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்; அதற்கு எடையே கிடையாது.

அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் ஓர் அடி நீட்டிப் போட்டால் மேலே விழும் மண்ணே தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தொட்டியை முழுதாகக் காலி செய்யக் கூடாது. கழுவுவதை ஆவணி, புரட்டாசியில், மண் காய்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கிணறுபோல ஆழம் ஆழமாகத் தோண்டும் ஆசையும் வேண்டாம். ஆழம் கூடக் கூடச் சுவரின் மேல் அழுத்தமும் கூடும், நீர்மட்டமும் நெருங்கும். அகலப்படுத்துவது மேல்.

கான்கிரீட்டில் செய்யும் கஞ்சத்தனம்

தண்ணீர் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3370, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரம் கேட்கிறது. ஊரில் பழக்கத்தில் இருக்கும் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை அதற்குப் பக்கத்தில்கூட வராது. கடலோரத்தில் இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது: கலவைக்கும் நனைப்பதற்கும் வீட்டு உவர் தண்ணீரையே ஊற்றுவது. அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, சில வருடத்தில் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கட்டுமானத்துக்கு நல்ல தண்ணீர் லாரி ஒன்று வாங்குவது, பின்னால் தொட்டியை இடித்துக் கட்டுவதைவிட மலிவு. கடல் மணலும் வேண்டாம். கம்பிக்கும் வார்ப்புப் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் (சிறு இடைவெளிக் கட்டை) வைத்து 45 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். கல் துண்டைச் சொருகி ஒப்பேற்ற விடாதீர்கள்.

கசிவு பெரும்பாலும் சுவர் நடுவில் வராது, தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் வரும். தளம் போடும்போதே சுவரின் முதல் அரை அடியையும் சேர்த்து வார்த்து, அதன் மேல் மீதிச் சுவர் சேரும் இணைப்பில் தண்ணீரைத் தடுக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப் பட்டை வைத்தால் மூலை தப்பும். பத்து நாளாவது விடாமல் நனைக்க வேண்டும். வெளிப்புறம் மண் தள்ளி மூடும் முன்பே தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். முதல் ஏழு நாள் கான்கிரீட் குடிக்கும். அடுத்த ஏழு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் குறித்துப் பாருங்கள். ஈரம் கசியும் இடம் அப்போது கண்ணுக்கே தெரியும். கரிசல் பூமியாக இருந்தால், வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ளாமல் சுற்றிலும் கிராவல் போட வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சுவரை விடாது.

உள்ளே இறங்குவது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். புதிதாகக் கட்டிய, ஒரு சொட்டு அழுக்கு இல்லாத தொட்டியிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மேல் சிலாப் வார்த்துப் பல நாள் மூடிக் கிடக்கும்போது, கான்கிரீட்டைத் தாங்க அடித்து, ஈரத்தில் மக்கும் சென்டரிங் பலகை உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பலகை பிரிக்க இறங்குபவர் சில நொடியில் மயங்கி விழுகிறார். காப்பாற்றக் குதிக்கும் இரண்டாமவரும் விழுகிறார். விளக்கை இறக்கிப் பார்ப்பது போதாது. அது விஷவாயுவைக் காட்டாது.

கட்டும்போதே எதிரெதிர் மூலையில் 60 செ.மீ. அளவில் இரண்டு மேன்ஹோல் (ஆள் இறங்கும் வாய்) விடுங்கள். இறங்கும் முன் இரண்டையும் பல மணி நேரம் திறந்து வைத்து, ஒன்றின் வழியே ப்ளோயரால் காற்றடியுங்கள். வேலை முடியும்வரை அது ஓடட்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். டீசல், பெட்ரோல் எஞ்சினை உள்ளே இறக்கித் தண்ணீர் இறைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கொல்லும். யாராவது விழுந்துவிட்டால் கயிற்றால் மேலே இழுங்கள், தீயணைப்புத் துறையின் 101-ஐக் கூப்பிடுங்கள். பின்னாலேயே இறங்காதீர்கள்.

தண்ணீர் கெடும் வழிகள்

மழைக்கு முன் கூரையைக் கூட்டியிருந்தாலும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. காக்கை எச்சம், தூசி, சருகு எல்லாம் அதில்தான் வரும். 74 சதுர மீட்டர் கூரைக்கு முதல் 2 மி.மீ. என்றால் சுமார் 150 லிட்டர். நாலு அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் அடங்கும் என்பதால், குழாயை மட்டும் நம்பாமல் ஒரு 200 லிட்டர் டிரம்மை வைத்து, அது நிறைந்தபின் தொட்டிக்குத் திரும்பும்படி அமைப்பது நல்லது.

மேன்ஹோல் வாய் தரையோடு தரையாக இருந்தால் முற்றத்துத் தண்ணீர் உள்ளே போகும். ஓர் அடி உயர்த்திக் கட்ட வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாய் உள்வரும் குழாய்க்குக் குறையாத அளவில் இருக்கட்டும், வாயில் கொசுவலை அவசியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். செப்டிக் டேங்க் மேட்டிலும் தொட்டி பள்ளத்திலுமாக அமையவே கூடாது. 10 மீட்டராவது தள்ளுங்கள். லாரி வந்து நிற்கும் பாதையில் மேல் சிலாப் வர விடாதீர்கள், அந்த எடைக்குப் போட்ட சிலாப் அல்ல அது.

பம்பின் உறிஞ்சு குழாய் நுனியிலுள்ள ஃபுட் வால்வைத் தொட்டியின் தரையிலிருந்து அரை அடியாவது தூக்கி வைத்தால் அடியில் படிந்த வண்டல் குழாயில் ஏறாது. ப்ளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும். 12,000 லிட்டருக்கு 48 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தலாம்.