பி.டி. என்றால் பீடி இல்லை

"பீடிய விடுங்கன்னு டாக்டர் வாயால சொல்லிட்டு, சீட்டுல ரெண்டு எடத்துல பீடின்னு எழுதியிருக்காரே தம்பி!" பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்த பெரியவர் இப்படிச் சொன்னதும் கடையே சிரித்தது. அய்யம்பேட்டைப் பக்கம் நான் மருந்துக்கடை வைத்து 26 வருடம் ஆகிறது. தினமும் பாதி நேரம் இந்த மாதிரி கேள்விகளுக்குத்தான் போகிறது.

பி.டி. என்பது லத்தீன் சுருக்கம். நாளைக்கு இரண்டு வேளை. ஓ.டி. ஒரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை (டெபாசிட் வட்டியில் பாங்க் பிடிக்கிறதே, அது வேறு டி.டி.எஸ்.). எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஸ்டாட் என்றால் இப்போதே. 1-0-1 என்றிருந்தால் காலை, மதியம், இரவு என்று வரிசையாகப் படியுங்கள். 5/7 என்பது ஜூலை 5 இல்லை, ஐந்து நாளைக்கு என்று அர்த்தம். கீழே உள்ள 7 வாரத்தின் ஏழு நாள். அதே கணக்கில் 2/52 இரண்டு வாரம், 1/12 ஒரு மாதம். ஒரு வில்லங்கம் உண்டு: கண் டாக்டர் சீட்டில் ஓ.டி. என்றால் வலது கண். சொட்டு மருந்து வாங்கும்போது எந்தக் கண், எத்தனை தடவை என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

எஸ்.ஓ.எஸ். விஷயத்தில் நானே தப்பு செய்திருக்கிறேன். தேவைப்பட்டால் மட்டும் போடு என்பதுதான் அதன் பொருள். கடை தொடங்கிய புதிதில், முழங்கால் வலிக்கு எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய மாத்திரையை ஒரு விவசாயியிடம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூட்ட நேரம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் காலையும் இரவும் போட்டிருக்கிறார். தீர்ந்ததும் வேறு கடையில் வாங்கி ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறார். கால் வீங்கியபின் ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் 1.9. சிறுநீரகம் கழிவை எப்படி வெளியேற்றுகிறது என்று காட்டும் எண் அது. ஆண்களுக்குப் பெரும்பாலும் 1.2, 1.3க்குள் இருக்க வேண்டும். வலி மாத்திரையை டாக்டர் நிறுத்தியதும் மெல்லக் குறைந்தது. அன்றிலிருந்து எஸ்.ஓ.எஸ். மாத்திரைக் கவரின் மேல் "வலித்தால் மட்டும்" என்று தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் கடைக்காரர் எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

பி.எஃப். சாப்பாட்டுக்கு முன், ஏ.எஃப். சாப்பாட்டுக்குப் பின். இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். நடவு நாளில் ஆறு மணிக்கே வயலுக்குப் போகிறவர்கள், சர்க்கரை மாத்திரையை வீட்டில் போட்டுவிட்டு பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரை என்றால் அதற்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டித் தலை சுற்றும். அந்த வகை மாத்திரை சாப்பாட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும் நேரத்தை டாக்டரிடம் சொல்லி வேளையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை நேர்மாறு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரைமணி நேரம் காபி டம்ளரைத் தொடக்கூடாது. கும்பகோணத்துக்காரர்களுக்கு அது பெரிய தண்டனைதான்.

பரிசோதனைச் சீட்டுக்கு வருவோம். எஃப்.பி.எஸ். என்றால் எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் எடுக்கும் சர்க்கரை. தண்ணீர் குடிக்கலாம். "டீதான் குடிச்சேன்" என்றால் அது வெறும் வயிறு ஆகாது. பி.பி.பி.எஸ். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைய மாத்திரையைப் போடுவதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எச்.பி.ஏ.1.சி. இரண்டு மூன்று மாதச் சராசரி. முதல் நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது! 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு, 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை இருந்தால் இந்த எண் மாறிக் காட்டலாம்.

சி.பி.சி. ரத்த அணுக்களின் எண்ணிக்கை. காய்ச்சல் காலத்தில் எல்லோரும் பார்ப்பது பிளேட்லெட்டை, 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை சரி. ஒரு லேப் இதை 1.8 என்றும் இன்னொரு லேப் 180 என்றும் அச்சடிக்கும். இரண்டும் ஒன்றுதான், முன்னது லட்சத்தில், பின்னது ஆயிரத்தில். 180 என்று பார்த்துவிட்டுக் கடை வாசலில் அழுதவர்கள் உண்டு. டெங்குவுக்கு என்.எஸ்.1 (கிருமியின் புரதம்) காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் பார்ப்பது, ஐ.ஜி.எம். (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) அதற்குப் பின். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கியிருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். அதன் ஐ.ஜி.எம். பரிசோதனை முதல் சில நாள் இல்லை என்றே காட்டக்கூடும்.

இ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாகக் காட்டும். எக்கோ இதயத்தின் ஸ்கேன். ஆஞ்சியோ என்று பாதிச் சொல்லில் பேசுவதால்தான் குழப்பம்: ஆஞ்சியோகிராம் மருந்து செலுத்திப் படம் பார்ப்பது, ஆஞ்சியோபிளாஸ்டி அடைப்பை விரித்துப் பெரும்பாலும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைப்பது. கையெழுத்துப் போடும் தாளில் எது இருக்கிறது என்று பாருங்கள். சி.டி. ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து) ஊசி உண்டென்றால் கிரியாட்டினின் எண்ணையும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது, பெரிய காந்தம். உடம்பில் பேஸ்மேக்கரோ கம்பியோ தகடோ இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு மெட்டிதான் தகராறு, சோப்புத் தண்ணீர் போட்டாலும் வராது. முதல் நாளே எண்ணெய் தடவிக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலிக்குப் பதிலாக வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகிறார்கள், தொந்தரவில்லை.

அப்புறம், இந்தச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக, புதியது மேலே இருக்கும்படி ஒரே மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். ரேஷன் கார்டும் பழைய கல்யாணப் பத்திரிகையும் கூடவே கிடந்தால் கிடக்கட்டும்.