‘பகிர்ந்தான்’ என்று எழுதியதில் வந்த சிக்கல்

மழலையர் கல்வியில் என் முதல் ஆய்வு, நான்கு வயதுக் குழந்தைகள் விளையாடும்போது எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது. நானும் ஒரு தோழியும் ஒரே காணொளிகளைத் தனித்தனியாகப் பார்த்து, பத்துப் பத்து விநாடி இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பகிர்தல் நடந்ததா இல்லையா என்று குறித்தோம். எண்பது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனது. ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

வழிகாட்டி ஒன்றுதான் கேட்டார்: “தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போகும்?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பகிர்தல் பத்தில் ஒரு இடைவெளியில்தான் நடந்தது. இருவரும் திரையைப் பார்க்காமல் அதே விகிதத்தில் குறித்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும் (0.9×0.9 + 0.1×0.1). இந்தத் தற்செயலைக் கழிக்கத்தான் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா அளவு. முழுதும் ஒத்துப்போனால் அது 1, தற்செயல் அளவுக்கே ஒத்துப்போனால் பூஜ்யம். எங்களுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி வந்தது.

சரி, எங்கே பிரிகிறோம் என்று வரிவரியாகத் தேடினேன். ‘அன்பாகக் கொடுத்தாள்’, ‘மனசில்லாமல் விட்டான்’ என்று எழுதியிருந்தேன். அதெல்லாம் என் தீர்ப்பு, குழந்தை செய்தது அல்ல. வரையறையை மாற்றினோம்: கேட்காமலே பொருளை நீட்டுவது ஒன்று, கேட்டபின் கொடுப்பது இன்னொன்று. பிடுங்கும்போது எதிர்க்காமல் விடுவது பகிர்தலே இல்லை. பெரும்பாலான முரண்பாடு இந்த மூன்றாவதில்தான் இருந்தது!

அப்புறம், ஆய்வில் சேராத காணொளிகளில் பயிற்சி எடுத்தோம். கப்பா 0.7-ஐத் தாண்டிய பிறகே பழைய குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, முதல் காணொளியிலிருந்து மறுபடி குறித்தோம்.